லெக் டேக்கு மறுநாள் நடக்காதீங்க: சத்துவாச்சாரி ஜிம் ஒண்ணு பத்தி என் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், ஜிம் பேரு போடல. நான் இன்னும் அங்கதான் போறேன், மாஸ்டர் ஃபோன்ல வர்ற எல்லாத்தையும் படிக்கிற ஆளு, நாளைக்கு காலைல போய் நின்னா "இன்னாக்கா, என்னப் பத்தி இன்னா எழுதி வச்சிருக்கீங்க"ன்னு எக்ஸ்ட்ரா இருபது லஞ்சஸ் (ஒரு கால முன்னாடி வச்சி முட்டிய மடக்கி எழறது) போட வச்சிடுவாரு. சத்துவாச்சாரில உள்தெரு, ஹார்டுவேர் கடைக்கு மேல மாடி. அவ்ளோதான் சொல்லுவேன்.

நான் இன்னாத்துக்கு ஜிம்முக்கு போனேன்ற கதைய சொன்னாதான் ரிவ்யூ புரியும். எனக்கு வயசு 43, ஆபீஸ்ல காலைலருந்து சாயந்திரம் வரைக்கும் சேர் தேய்க்கிற வேல. எங்க ஆபீஸ்ல கொஞ்ச பேரு சேர்ந்து ஒரு நல்ல காரியத்துக்கு பணம் சேர்க்கலாம்னு வேலூர் கோட்டைலருந்து திருவண்ணாமலைக்கு ரெண்டு நாள்ல நடக்கறதுன்னு முடிவு பண்ணாங்க, 80 கிலோமீட்டர் சொச்சம். சிஎம்சிக்கு வைத்தியம் பாக்க வங்காளத்துலருந்தும் ஜார்கண்ட்லருந்தும் வர்ற குடும்பங்கள காந்தி ரோடு பக்கம் போனா தினமும் பாக்கலாம், லாட்ஜு ரூம்ல ஸ்டவ்வு வச்சி சமைச்சிகிட்டு, கைல ஃபைலு கவரோட, வாரக்கணக்கா மாசக்கணக்கா. 1900ல ஐடா ஸ்கடர்னு ஒரு டாக்டரம்மா ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிக்கு இப்ப நாட்டோட அந்தக் கோடிலருந்து வர்றாங்க, வர்றவங்களுக்கு மருந்து செலவ விட ரூம் வாடகைதான் கழுத்த நெரிக்குது. அந்த வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்தான் இந்த நடை. நடக்கற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சவங்க கிட்ட கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு வாக்கு வாங்கணும். நான் வேற எல்லார் கிட்டயும் பெருமையா கேட்டு வாங்கிட்டேன், அதுக்கப்புறம்தான் யோசிச்சேன், கடைசியா எப்ப 5 கிலோமீட்டர் நடந்தோம்னு.

அக்டோபர்ல கோட்டைய சுத்தி நடக்க ஆரம்பிச்சேன். காலைல அகழி ஓரமா பாதி வேலூரே நடக்கும், உங்களுக்கு தெரியும். 8 கிலோமீட்டர் வரைக்கும் ஒண்ணும் இல்ல. 10 தாண்டினா வலது முட்டி உள்பக்கமா குத்த ஆரம்பிக்கும், மாடிப்படி எறங்கும்போது கைப்பிடிய புடிச்சிக்கணும். பக்கத்து வீட்டுல பிசியோதெரபி படிச்ச பொண்ணு ஒண்ணு கீது, அதுதான் பாத்துட்டு சொல்லிச்சி, "ஆன்ட்டி, முட்டில கோளாறு இல்ல, தொடையும் இடுப்பும் வீக்கா இருக்கு, நடந்துகிட்டே இருந்தா மட்டும் அது சரியாகாது, வெயிட்டு தூக்குங்க"ன்னு. அப்டிதான் தீபாவளி முடிஞ்ச கையோட இந்த ஜிம்முல போய் நின்னேன்.

இப்ப ஜிம்மு. மூணு மாசம் 4,000 ரூபா, அட்மிஷன் 500. பேரம் பேசினேன், அட்மிஷன்ல 200 குறைச்சாரு. லேடீஸ் பேட்ச் காலைல பத்தரைலருந்து பன்னெண்டு, வேலைக்கு போற பொம்பளைங்க எவ அந்த டைமுக்கு வருவா, எனக்கு இது இன்னிக்கு வரைக்கும் புரியல. அதனால நான் காலைல அஞ்சே முக்காலுக்கு எல்லாரும் வர்ற பேட்ச்ல போறேன். மொதல் வாரம் கூச்சமா இருந்திச்சி, பசங்க எல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு அவங்கவங்க கையதான் பாத்துகிட்டு இருக்காங்க, நம்மள எவனும் பாக்கலன்னு தெரிஞ்சதும் கூச்சம் போயிடுச்சி.

மெஷினுங்க பரவால்ல. லெக் பிரெஸ், அதான் உக்காந்து காலால வெயிட்ட தள்ற மெஷினு, நல்லா கீது, கேபிள் ஸ்மூத்தா ஓடுது. ஸ்குவாட் ரேக் (தோள்ல வெயிட்டு வச்சி உக்காந்து எழறதுக்கான ஸ்டாண்டு) ஒண்ணே ஒண்ணு, அதுக்கு ஆறு மணிக்கு மேல கியூ. டிரெட்மில் ரெண்டு, ஒண்ணு மேல எப்பவும் டவலு காயுது, அது ஓடி நான் பாத்ததே இல்ல. 7.5 கிலோ டம்பெல் ஒத்தையாதான் கீது, ஜோடி எங்கன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. ஏசி இருக்குதுன்னு போர்டுல போட்டிருக்கு, போர்டுல மட்டும்தான். நவம்பர்ல சேர்ந்ததால தப்பிச்சேன், இதே மே மாசமா இருந்தா, வேலூர் வெயில பத்தி நான் சொல்லணுமா, ஃபேன் போட்டா அனல்தான் சுத்தும். பாத்ரூம் சுத்தம், இத நான் ஸ்பெஷலா சொல்றேன், நிறைய எடத்துல இது கெடையாது. வண்டி நிறுத்த எடம் இல்ல, ஹார்டுவேர் கடைக்காரர் ஷட்டர் தூக்கறதுக்குள்ள எடுத்துடணும், இல்லன்னா அவரு சத்தம் மாடி வரைக்கும் வரும்.

மாஸ்டர் நல்ல பையன், இருபத்தெட்டு முப்பது வயசு இருக்கும், ஃபார்ம் தப்பா போட்டா தூரத்துலருந்தே பாத்துடுவாரு, முதுகு வளைஞ்சா ஓடி வந்து நிறுத்துவாரு. ஆனா அவரு கிட்ட ஒரே ஒரு சார்ட்டுதான். திங்கள் செஸ்ட்டு, செவ்வாய் பேக்கு, புதன் ஷோல்டர், வியாழன் கை, வெள்ளி கார்டியோ, சனி லெக்கு, ஞாயிறு லீவு. கல்யாணத்துக்கு ஒடம்ப ஏத்தற மாப்பிள்ளைக்கும் இதான், டெலிவரிக்கு அப்புறம் வெயிட்டு குறைக்க வர்ற பொண்ணுக்கும் இதான், 80 கிலோமீட்டர் நடக்கப்போற எனக்கும் இதான். "நான் நடக்கப்போறேன் தம்பி"ன்னு சேரும்போதே சொன்னேன், "நடங்கக்கா, நல்லதுதான்"ன்னாரு, அதோட சரி.

எங்க குரூப்பு நீள நடை ஞாயித்துக்கிழமை. ஜிம்முல லெக்கு சனிக்கிழமை. இப்ப புரியுதா?

மூணு வாரம் எப்டியோ ஓட்டிட்டேன், வெயிட்டு கம்மி, தூரமும் கம்மி. நாலாவது வாரம் மாஸ்டருக்கு என் மேல நம்பிக்கை வந்துடுச்சி. ஸ்குவாட் அஞ்சு செட்டு, லெக் பிரெஸ் நாலு, அதுக்கப்புறம் லஞ்சஸ் ஹால் முழுக்க போய்ட்டு வரணும், மூணு ரவுண்டு. எறங்கும்போதே படில கால் ஆடிச்சி. மறுநாள் காலைல நாலரைக்கு கிளம்பி ரத்தினகிரி வரைக்கும் போய் திரும்பி வர்றது பிளானு. பெருமுகை தாண்டறதுக்குள்ளயே தொடை கல்லு மாதிரி ஆயிடுச்சி, ஆனா கூட வர்றவங்க முன்னாடி சொல்ல ரோஷம். ரத்தினகிரி அடிவாரத்துல எல்லாரும் முருகன பாக்க படி ஏறிட்டாங்க, நான் நாலு படி ஏறிட்டு அப்டியே உக்காந்துட்டேன், ஏற முடியலன்னு இல்ல, எறங்க முடியாதுன்னு தெரிஞ்சிடுச்சி. திரும்ப வரும்போது பஸ்ஸு. வீட்டுக்காரரு பஸ் ஸ்டாப்புக்கு வண்டி எடுத்துட்டு வந்தாரு, வண்டில கால தூக்கி போட முடியாம ஒருபக்கமா உக்காந்து வந்தேன், அவரு ஒண்ணும் சொல்லல, சிரிப்ப அடக்கிகிட்டு ஓட்டினது மட்டும் முதுக பாத்தே தெரிஞ்சிது. செவ்வாய்க்கிழம வரைக்கும் ஆபீஸ்ல சேர்லருந்து எழும்போது அம்மாடின்னு சத்தம் வந்துகிட்டே இருந்திச்சி.

அப்புறம் உக்காந்து படிச்சேன், அந்த பிசியோ பொண்ணையும் புடிச்சி கேட்டேன். விஷயம் ரொம்ப சிம்பிள். வெயிட்டு தூக்கினா தசைல சின்ன சின்ன சேதம் ஆகும், வலி அன்னிக்கு வராது, அடுத்த நாள் ஆரம்பிச்சி ரெண்டாவது நாள் மூணாவது நாள்தான் உச்சத்துக்கு போகும். வலியோட நடந்தா நடை மாறும், ஒரு பக்கமா சாய்ச்சி சாய்ச்சி வைப்போம், அங்கதான் முட்டி, குதிகால் எல்லாம் மாட்டும். அதனால கால் வேலைக்கும் நீள நடைக்கும் நடுவுல மூணு நாளாவது இருக்கணும், இல்ல குறைஞ்சபட்சம் ரெண்டு.

மாஸ்டர் கிட்ட போனேன். பஞ்சாயத்து சுமுகமா போகல. "சனிக்கெழம லெக்குதாங்கா, எல்லாருக்கும் அதான், ஒருத்தருக்கு மாத்தினா பத்து பேரு கேப்பாங்கோ"ன்றாரு. அது மட்டும் இல்ல, "நீங்க இவ்ளோ தூரம் நடந்தீங்கன்னா மசில் கரைஞ்சிடும், நான் ஏத்தறேன் நீங்க எறக்குறீங்க"ன்னாரு. இது ஜிம்முல எல்லாரும் சொல்ற பேச்சு. முழுப் பொய்யும் இல்ல. 1980ல ஹிக்சன்னு ஒருத்தர் அமெரிக்கால பத்து வாரம் சோதனை பண்ணி பாத்தாரு, வெயிட்டும் தூக்கி சைக்கிளும் ஓட்டமும் சேத்து பண்ணவங்களுக்கு மொத ஆறு ஏழு வாரம் பலம் ஏறிச்சி, அப்புறம் நின்னு, கடைசில கொஞ்சம் எறங்கவே ஆரம்பிச்சிடுச்சி, மூச்சு தம்மு மட்டும் குறையல. ஆனா அதுல இருந்தவங்க வாரத்துல அஞ்சு நாள் வெயிட்டு, ஆறு நாள் மூச்சு முட்டற சைக்கிளு, ஓட்டம்னு வெறித்தனமா பண்ணாங்க. நம்ம நடை அந்த ரகமா? வாரம் மூணு நடை, ரெண்டு ஜிம்மு, அதுவும் பேச்சு கொடுத்துகிட்டே நடக்கற வேகம். கரையறதுக்கு எனக்கு அவ்ளோ மசிலும் கெடையாதுன்னு சொன்னேன், அதுக்குதான் மனுஷன் சிரிச்சாரு. சிரிச்சதும் வழிக்கு வந்துட்டாரு.

மாத்தின சார்ட்டு இது: திங்கள் முழு ரெஸ்ட்டு. செவ்வாய் ஜிம்மு, கால் இடுப்பு கனமா. புதன் காலைல கோட்டைய சுத்தி லேசா ஒரு 5. வியாழன் ஜிம்மு, மேல் ஒடம்பும் வயித்துப் பகுதியும், கால் பக்கம் கையே வைக்கறதில்ல. வெள்ளி ஒரு 8 கிலோமீட்டர் சுறுசுறுப்பா. சனி ஒண்ணும் இல்ல, வீட்டு வேல, அது போதும். ஞாயிறு நீள நடை, 12ல ஆரம்பிச்சி வாரத்துக்கு ரெண்டு மூணு கிலோமீட்டரா ஏத்தி, நாலு வாரத்துக்கு ஒரு தடவ வேணும்னே குறைச்சி. ஆறு நாளுக்கு பணம் கட்டிட்டு ரெண்டு நாள் போறது வயித்தெரிச்சல்தான், ஆனா எனக்கு ரெண்டு நாள் போதும்னு உறுதியா சொல்லுவேன்.

எக்சர்சைஸும் மாத்த சொன்னேன். மாஸ்டர் எதுக்கெடுத்தாலும் இருபது எண்ணுவாரு. எனக்கு தாங்கற சக்திய நடையே குடுக்குது, ஜிம்முலருந்து எனக்கு வேண்டியது பலம், அதனால வெயிட்ட ஏத்தி ஆறு எட்டு தடவையோட நிறுத்தினோம், மூணு செட்டு. இதுல ரொம்ப கைகுடுத்தது லெக் பிரெஸ் இல்ல, ஸ்குவாட்டும் இல்ல. பெட்டி மேல ஒத்தக் கால்ல ஏறி மெதுவா எறங்கறது, அந்த எறங்கறதுதான் மேட்டரு, தொப்புன்னு எறங்கக் கூடாது. அப்புறம் படி நுனில நின்னு குதிகால தூக்கி எறக்கறது, ஒத்தக் கால்ல குனிஞ்சி டம்பெல் தூக்கறது, ரப்பர் பேண்ட முட்டிக்கு மேல மாட்டிகிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கறது. கடைசி ஐட்டத்துக்கு பசங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க, நான் கண்டுக்கல. யோசிச்சி பாருங்க, நடக்கும்போது ஒவ்வொரு அடியும் ஒத்தக் கால்லதான் நிக்கறோம். கிலோமீட்டருக்கு ஆயிரத்து முந்நூறு நானூறு அடி, 80க்கு ஒரு லட்சம் தாண்டும். இடுப்புப் பக்கத்து தசை ஓய்ஞ்சா முட்டி உள்ள சாயும், எனக்கு குத்தினது அதுதான். இந்த ஒத்தக் கால் வேல ஆரம்பிச்சி ஆறு வாரத்துல அந்த குத்தல் போச்சி, 20 கிலோமீட்டர் நடந்தும் வரல.

ஒத்தையா கெடந்த அந்த 7.5 டம்பெல் எனக்கே எனக்குன்னு ஆயிடுச்சி, ஒத்தக் கால் வேலைக்கு ஒத்த டம்பெலு.

பவுடர் கதையும் சொல்லணும். ரெண்டாவது வாரத்துலருந்தே வே புரோட்டீன் டப்பா வாங்குங்கன்னு ஒரே நச்சு, அவருக்கு கமிஷன் இருக்கும்னு நெனைக்கறேன், தப்பில்ல, பொழப்பு. நான் வாங்கல. காலைல ரெண்டு முட்ட, சாயந்திரம் சுண்டலு, வேக வச்ச மல்லாட்டை, மத்தியானம் பருப்பு கொஞ்சம் தாராளமா, ராத்திரி தயிரு. ஜிம்முக்கு போறதுக்கு முன்னாடி கேவுரு கஞ்சி ஒரு டம்ளரு. முட்ட ஒண்ணுல 6 கிராம் புரோட்டீன், கணக்கு போட்டு பாத்தேன், என் எடைக்கு இதுலயே வந்துடுது. மூணு மாசமும் அவரு கேட்டுகிட்டேதான் இருந்தாரு, நானும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னுகிட்டே ஓட்டினேன்.

மழைக்காலத்துல டிரெட்மில் உதவிச்சி, நவம்பர் கடைசில ரெண்டு வாரம் ரோட்டுல கால் வைக்க முடியல, ஏத்தம் 5 வச்சி ஒரு மணி நேரம் நடந்தேன். ஆனா அது தூரத்துக்கு மாத்து இல்ல. பாதத்துக்கு பழகற விஷயம் ரோட்டுலதான் பழகும். ஒரு நாள் குரூப்போட திருவண்ணாமலை போய் கிரிவலம், 14 கிலோமீட்டர், ஒத்திகையா வச்சிக்கலாம்னு போனோம். மாமியார் கிட்ட ஷூ போட்டுகிட்டு சுத்தப்போறேன்னு சொன்னேன், அவங்க பாத்த பார்வைல ஷூவ வீட்டுலயே வச்சிட்டு போனேன். புண்ணியம் கெடைச்சிது, ஷூ ஒத்திகை நடக்கல.

பத்தாவது வாரம் சனிக்கிழம 16, ஞாயிறு 32ன்னு அடுத்தடுத்த நாள் நடந்து பாத்தோம், அந்த வாரம் செவ்வாய்க்கிழம ஜிம்முல பாதி வெயிட்டுதான். அப்புறம் பொங்கலு, ஜிம்மு நாலு நாள் லீவு, அது தானா அமைஞ்ச ரெஸ்ட்டு. கடைசி பத்து நாள் எல்லாத்தையும் குறைக்கணும், ஆனா சுத்தமா விட்டுடக் கூடாது, வெயிட்டு அதேதான், செட்டு மட்டும் ஒண்ணு. மாஸ்டருக்கு இது புடிக்கல, "கடைசி வாரம்க்கா, ஒரு ரெக்கார்டு போட்டுட்டு போலாம்"ன்னு ஸ்குவாட் ரேக்குல தட்ட ஏத்தி வச்சிட்டு நிக்கறாரு. கையெடுத்து கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

பிப்ரவரி மொத சனிக்கிழம, ராத்திரி மூணு மணிக்கு கோட்டை வாசல்ல கூடினோம், 22 பேரு. அடுக்கம்பாறை தாண்டி கணியம்பாடி வரும்போது இன்னும் விடியல, பனி. கண்ணமங்கலத்துல டிபனு, இட்லி, யாரும் பேசாம சாப்ட்டாங்க. பத்து மணிக்கு மேல வெயிலு ஏறிச்சி, வெறும் தண்ணியா குடிக்காதீங்க, உப்பு சக்கர கலந்த ஓஆர்எஸ் குடிங்கன்னு வண்டில வந்த என் வீட்டுக்காரரு கத்திகிட்டே வந்தாரு, அது முக்கியம், வேர்வைல உப்பு போயிட்டே இருக்கும், தண்ணி மட்டும் ஊத்தினா தலை சுத்தும். போளூர் போய் சேரும்போது சாயந்திரம் ஆயிடுச்சி, 50 கிட்ட வந்துட்டோம். கல்யாண மண்டபம் ஒண்ணுல படுக்கை, அது மாடில. அங்க தெரிஞ்சிது ஜிம்முக்கு கட்டின பணத்தோட வேல. மறுநாள் காலைல மூணு மணிக்கு பாதி பேரு செவுத்த புடிச்சிகிட்டு பின்னாடி திரும்பி படி எறங்கறாங்க, நான் சாதாரணமா எறங்கினேன். முட்டி ஒரு வார்த்த பேசல.

பாதம் பேசிச்சி. ஷூ என்னவோ சரியாதான் வாங்கினேன், சாயந்திரத்துல பாதம் வீங்கினப்புறம் போய் அரை சைசு பெருசா. ஆனா ரெண்டாவது நாளுக்கு காட்டன் சாக்ஸ், வேர்வைல நனைஞ்சி எடது சுண்டுவிரல்ல கொப்புளம் ஒடைஞ்சி, கடைசி 15 கிலோமீட்டர் ஒவ்வொரு அடியும் ஊசி. எந்த மெஷினும் அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொன்னும் சொல்லணும், எங்கள்ல மொதல்ல போய் சேர்ந்தவரு ரிட்டையர்டு போஸ்ட்மேன் ஒருத்தரு, 63 வயசு, ஜிம்மு வாசல மிதிச்சதே இல்ல, ரப்பர் செருப்பு போட்டுகிட்டு வந்தாரு, நாங்க வர்றதுக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடியே போய் டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. அவரு முப்பது வருஷமா தினமும் பண்ணத நான் மூணு மாசத்துல காசு குடுத்து கொஞ்சூண்டு வாங்கினேன், அவ்ளோதான் வித்தியாசம். எங்க ஜிம்மு பையன் ஒருத்தனும் கடைசி நேரத்துல சேர்ந்துகிட்டான், என்ன விட மூணு மடங்கு வெயிட்டு தூக்கறவன், நீள நடை ஒண்ணு கூட பழகல, 38வது கிலோமீட்டர்ல வண்டி ஏறிட்டான். ஜிம்மு மட்டும் போதும்னு நெனைக்கறவங்களுக்காக சொல்றேன்.

மார்க்கு கேட்டா அஞ்சுக்கு மூணரை. ஃபார்ம் பாத்து சொல்றதுக்கு ஒண்ணரை, பாத்ரூமுக்கு அரை, லெக் பிரெஸ்ஸுக்கு அரை, சொன்னா கடைசில கேக்கறாருன்றதுக்கு ஒண்ணு. ஏசி, பார்க்கிங்கு, பவுடரு நச்சு, எல்லாருக்கும் ஒரே சார்ட்டு, இதுக்கெல்லாம் ஒண்ணரை போச்சி. நடை, மாரத்தான், சபரிமலை பெரிய பாதைன்னு எதாவது மனசுல வச்சிகிட்டு போறவங்க மொத நாளே "என் நீள நடை இந்தக் கெழம, லெக்கு அதுக்கு மூணு நாள் முன்னாடி"ன்னு சொல்லி எழுதி வாங்கிக்கோங்க. வெயிட்டு குறைக்க மட்டும் போறீங்கன்னா அவரு சார்ட்டே போதும்.

போன வாரம் அடுத்த மூணு மாசத்துக்கு கட்டிட்டேன். பழைய ஆளுன்னு 300 குறைச்சாரு. 7.5 கிலோ டம்பெலோட ஜோடி கெடைச்சிடுச்சாம், கீழ ஹார்டுவேர் கடைல கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருந்தாங்களாம்.